மனசு சரியில்லாத ராத்திரிக்கு எந்தப் பாட்டு?

போன மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு நண்பனிடமிருந்து செய்தி வந்தது. நான்கு சுற்று நேர்முகம் முடிந்து, கிடைத்துவிட்டது என்றே நினைத்திருந்த வேலை அவனுக்குக் கைநழுவிப் போயிருந்தது. "மனசு சரியில்ல. நீ கேப்பியே அந்த ஃபோக் ராக், அதுல உற்சாகமா ஒண்ணு அனுப்பேன்" என்று எழுதியிருந்தான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஸ்காட்லாந்தின் இரட்டைச் சகோதரர்கள் 'தி புரொக்ளெய்மர்ஸ்' பாடிய '500 மைல்ஸ்' பாட்டை அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில்: "டேய், இவங்க ரெண்டு பேரையும் அறையணும் போல இருக்கு."

பாட்டின் மேல் தப்பில்லை. 1988-இல் வந்த பாட்டு. ஐந்து வருடம் கழித்து ஒரு ஹாலிவுட் படத்தில் இடம்பெற்று அமெரிக்காவில் மூன்றாவது இடம் வரை ஏறியது. நாலு பேர் சேர்ந்து நடக்கும்போது இதற்கு ஈடு கிடையாது. ஆனால் அது முதல் நொடியிலேயே அணிவகுப்பைத் தொடங்கிவிடுகிறது. பாடுகிறவர் ஏற்கெனவே ஐந்நூறு மைல் நடக்கத் தயாராக நிற்கிறார். கேட்பவனோ கட்டிலிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கவே தெம்பில்லாமல் கிடக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள தூரம்தான் அவனை எரிச்சல்படுத்தியது.

உற்சாகமான பாட்டு வேறு, உற்சாகம் தருகிற பாட்டு வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு மூன்று வாரம், எனக்கே மனசு கனத்திருந்த நேரங்களில், பிடித்த ஃபோக் ராக் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நல்ல மனநிலையில் கேட்டு மதிப்பிடுவதில் அர்த்தமில்லை. வயிறு நிறைந்தவனிடம் சாப்பாடு எப்படி என்று கேட்கிற மாதிரி. முக்கியமாகப் பார்த்தது ஒன்றுதான்: பாட்டு நான் இருக்கும் இடத்திலிருந்து கிளம்புகிறதா, இல்லை மாடியில் நின்றுகொண்டு 'ஏறி வா' என்று கூப்பிடுகிறதா? இசை சிகிச்சை செய்பவர்கள் இதை ஐசோ முறை என்பார்கள். நோயாளியின் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, அங்கிருந்து மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டு போவது. 1940-களிலேயே சொல்லப்பட்ட விஷயம். நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபோக் ராக்கைத் தேடிப் போனதற்கும் காரணம் இருக்கிறது. மக்கள் பாடிப் பழகிய பாட்டுகளின் எளிய மெட்டு, அதன் மேல் மின் கிட்டாரும் டிரம்ஸும். மெட்டு எளிமையாக இருப்பதால் இரண்டாவது முறை கேட்கும்போதே கூடப் பாடிவிடலாம். டிரம்ஸ் இருப்பதால் சோகத்தில் உட்கார்ந்துவிடாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். சுத்தமான ராக் சில ராத்திரிகளுக்கு அதிகம். கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள பாட்டோ நம்மோடு சேர்ந்து அழ ஆரம்பித்துவிடும். இது நடுவில் நிற்கிற சரக்கு.

பட்டியலை எங்கே தொடங்குவது என்பதில் குழப்பமே இல்லை. 1965 ஜனவரியில் ஹாலிவுட்டில் 'தி பேர்ட்ஸ்' குழு பதிவு செய்த 'மிஸ்டர் டாம்பரின் மேன்'. பாப் டிலன் எழுதியது. அவர் பாடிய வடிவம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும், நான்கு சரணம். பேர்ட்ஸ் அதில் மூன்று சரணத்தை வெட்டி எறிந்துவிட்டு, பல்லவி, ஒரே ஒரு சரணம், மறுபடி பல்லவி என்று இரண்டரை நிமிடத்துக்குள் முடித்தார்கள். அந்தக் கணகணவென்ற சத்தம் ராஜர் மெக்வின் வாசித்த பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டார். அந்தப் பதிவில் குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தது அவர் ஒருவர்தான். மீதி எல்லாம் ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்கும் தேர்ந்த கைகள். பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது.

இதில் ஒரு வேடிக்கை. மெக்வினுக்கு அந்தக் கிட்டார் மேல் ஆசை வந்ததே, பீட்டில்ஸ் படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் அதைப் பார்த்த பிறகுதான். அதை வைத்து மெக்வின் எழுப்பிய ஒலியைக் கேட்டு, அதே வருடம் ஹாரிசன் அந்தப் பாணியில் ஒரு பாட்டு எழுதினார். கொடுத்த கடன் வட்டியோடு திரும்பி வந்த கதை.

சரி, ராத்திரி பதினொன்றரைக்கு இது வேலை செய்யுமா? சொற்கள் சரியான இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. தூக்கம் வராத ஒருவன், போக்கிடம் இல்லாமல், எனக்கு ஒரு பாட்டு வாசியேன் என்று கேட்கிறான். நம் நிலைமைதான். ஆனால் பேர்ட்ஸின் குரல்களில் அந்த அலுப்பு இல்லை. மூன்று குரலும் ஒன்றோடொன்று படிந்து, மெருகு ஏறி, கண்ணாடிக் கோப்பையில் விழும் வெயில் மாதிரி மின்னுகின்றன. அழகாக இருக்கிறது என்று தோன்றியதே தவிர, மனசு அசையவில்லை. ஏற்கெனவே பாதி ஏறிவிட்டவனுக்கு இது நல்ல இரண்டாவது பாட்டு. முதல் பாட்டு இல்லை.

சைமனும் கார்ஃபங்கெலும் பாடிய 'ஃபீலிங் குரூவி'யைச் சட்டென்று கடந்துவிடலாம். 1966-இல் வந்தது; இரண்டு நிமிடம்கூட இல்லை. அவசரப்படாதே, காலையை அனுபவி என்று சொல்லும். அவசரத்தில் இருப்பவனுக்குச் சரியான மருந்து, துக்கத்தில் இருப்பவனுக்கு இல்லை. பாட்டை எழுதிய பால் சைமனுக்கே பின்னாளில் இது பிடிக்காமல் போய், மேடையில் வரியை மறந்ததற்குத் தனக்குத் தானே தண்டனையாக இதைப் பாடியிருக்கிறார்.

அவர்களுடைய 'செசீலியா' வேறு ரகம். தொடையிலும் பியானோ ஸ்டூலிலும் தட்டிய தாளத்தை வீட்டு டேப் ரிக்கார்டரில் பிடித்து, அதில் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேலேயே பாட்டைக் கட்டினார்கள். கேட்டால் நம் கையும் மேஜையைத் தேடும். ஆனால் விஷயம் துரோகம் செய்த காதலி. காதலில் அடிபட்டவனுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கேட் ஸ்டீவன்ஸின் 'பீஸ் டிரெய்ன்' மேல் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. 1971, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒற்றைக் கிட்டாரில் அமைதியாகத் தொடங்கி, கைத்தட்டல் சேர்ந்து, குழுக்குரல் சேர்ந்து, உண்மையாகவே ஒரு ரயில் வேகம் பிடிக்கிற மாதிரி வளரும். அமைப்பைப் பார்த்தால் எனக்கு வேண்டியது இதுதான். சிக்கல் முதல் வரியில். சமீபமாக நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்றுதான் அவர் ஆரம்பிக்கிறார். வேலை கைநழுவிய நண்பனுக்கு அந்த ஒரு வரி போதும், பாட்டை நிறுத்திவிடுவான். செய்தியைப் பார்த்து மனசு நொந்துபோகும் நாட்களுக்கு இதை எடுத்து வைத்திருக்கிறேன். சொந்தத் துக்கத்துக்கு ஆகவில்லை.

2010-ஐ ஒட்டி ஒரு அலை அடித்தது நினைவிருக்கும். பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம், காலால் மிதிக்கும் பெரிய டிரம், எல்லோரும் சேர்ந்து போடும் 'ஹே'. 'மம்ஃபர்ட் அண்ட் சன்ஸ்' இந்தப் பாணியில் எடுத்த இரண்டாவது ஆல்பம் 2013-இல் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதே வாங்கியது. 'தி லூமினியர்ஸ்' குழுவின் 'ஹோ ஹே' பாட்டில் வரும் கூச்சல்கள், பாட்டைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கப் போட்டவை. அது தெரிந்த பிறகு அந்தப் பாட்டின் மேல் எனக்குப் பிரியம் கூடிவிட்டது. ஆனாலும் இந்த ரகத்தில் பெரும்பாலானவை ஒரே சூத்திரம்: மெதுவாக ஒரு சரணம், ஒரு மூச்சு, பிறகு எல்லோரும் குதிப்பது. மூன்றாவது பாட்டிலேயே எங்கே குதிப்பார்கள் என்று தெரிந்துவிடும்.

அந்தக் கும்பலில் ஒன்று மட்டும் தனித்து நின்றது. ஐஸ்லாந்தின் 'ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென்' குழுவின் 'லிட்டில் டாக்ஸ்', 2011. எக்காளம் முழங்கத் தொடங்கும்போது கல்யாண ஊர்வலம் வருகிறது என்றே தோன்றும். ஒரு ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவார்கள், நடுநடுவே 'ஹே!' என்று கூட்டம் கத்தும். நான் ஒரு வருடம் இதைக் குஷியான பாட்டு என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் வரிகளைக் கவனித்தால், அவர்களில் ஒருவர் உயிரோடு இல்லை. வீட்டில் தனியாக மிஞ்சிய பெண், மாடிப்படி கிறீச்சிடுவதில் தூக்கம் வரவில்லை என்கிறாள். இறந்தவன் பதில் சொல்லிச் சமாதானப்படுத்துகிறான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாட்டு கெட்டுப்போகவில்லை, இன்னும் பலமாகிவிட்டது. துக்கத்தைத் தள்ளிவைக்காமல் எக்காளத்தோடு சேர்த்தே நடத்திக்கொண்டு போகிறார்கள். யாரையாவது இழந்தவருக்கு, கொஞ்ச காலம் ஆன பிறகு, இதைத் துணிந்து தரலாம். ஆன பிறகு என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. 'ஹியர் கம்ஸ் தி சன்'. இது ஃபோக் ராக்கே இல்லை, பீட்டில்ஸ் என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். மரக் கிட்டாரை முதுகெலும்பாக வைத்த இந்தப் பாட்டை நான் விடுவதாக இல்லை. 1969 வசந்தத்தில், தங்கள் நிறுவனத்தின் கணக்கு வழக்குக் கூட்டங்களில் நொந்துபோய், ஒரு நாள் கூட்டத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஹாரிசன் நண்பர் எரிக் கிளாப்டன் வீட்டுக்குப் போனார். தோட்டத்தில், கிளாப்டனின் கிட்டாரை இரவல் வாங்கி வாசித்தபடி எழுதியது. வேலைக்கு மட்டம் போட்டதால் பிறந்த பாட்டு என்பதே பாதி உற்சாகம்.

கிட்டார் கழுத்தின் ஏழாவது குறுக்குக் கம்பியில் கேப்போ என்ற கவ்வியை மாட்டியிருக்கும். தந்திகளை அங்கே கவ்விப் பிடித்துவிட்டால் கிட்டார் குட்டியாகிவிடுகிறது. அதன் குரல் உயர்ந்து, ஈரம் காய்ந்த மாதிரி ஒலிக்கிறது. ஹாரிசன் பாடுவதில் ஆர்ப்பாட்டமே கிடையாது. முதல் சரணத்தில் குளிர்காலத்தைச் சொல்கிறார்: நீளமானது, தனிமையானது. பிறகு மறுபடி சூரியன். சூரியனைச் சொன்ன கையோடு அவர் போடும் 'இட்ஸ் ஆல்ரைட்' என்பதைத் தமிழில் நினைத்துப் பார்த்தேன். 'வெற்றி' இல்லை, 'ஆஹா' இல்லை. 'பரவாயில்லை' என்பதுதான் சரியாகப் பொருந்துகிறது. குளிரில் கிடந்தவரின் தோளில் கை வைத்துச் சொல்கிற பரவாயில்லை.

நடுவில் 'சன்' என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில் மேஜையில் தாளம் போட்டுப் பாருங்கள், கை தவறும். அதுவரை நாலு நாலாக நடந்த பாட்டு அங்கே மூன்று மூன்றாகத் துள்ளி, திரும்ப நாலுக்கு வந்து, ஏழு எண்ணிக்கையில் ஒரு சுற்றுத் தட்டிவிட்டு மறுபடி புறப்படுகிறது. ரவிசங்கரிடம் சிதார் பயின்றவரின் கணக்கு அது. நான் பத்துப் பதினைந்து தடவை தட்டிப் பழகினேன். கணக்கு தப்பாமல் எடுப்பில் வந்து விழுந்த அந்த முதல் தடவை, எதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது ஒரு நிமிடம் மறந்தே போயிற்று. மனசைத் தூக்க இப்படியும் ஒரு வழி: கைக்கு ஒரு வேலை கொடுப்பது.

குறை என்ன? தேய்ந்துவிட்டது. ஸ்பாட்டிஃபையில் நூறு கோடி தடவை ஒலித்த முதல் பீட்டில்ஸ் பாட்டு இது. விளம்பரம், லிஃப்ட், காத்திருப்பு அறை என்று எங்கும் கேட்டுக் கேட்டு, முதல் பத்து நொடியிலேயே மனசு 'தெரியும் தெரியும்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தவிர, ராத்திரி பதினொன்றரைக்குச் சூரியன் வருகிறது என்று ஒருவனுக்குச் செய்தி அனுப்புவது கொஞ்சம் கிண்டல் மாதிரியும் இருக்கும். காலை ஆறு மணிக்கு, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கேட்க இதை மிஞ்ச ஒன்றில்லை.

கூட்டமாகப் பாட வேண்டுமென்றால் என் கை 'மீட் ஆன் தி லெட்ஜ்' பக்கம் போகும். 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' குழுவுக்காக ரிச்சர்ட் தாம்ப்சன் எழுதியது. 1968-இல் அது வெளிவந்தபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. விலகிப்போன நண்பர்களைப் பற்றிய பாட்டு. நம் முறை வரும்போது மறுபடி சந்திப்போம் என்கிற பல்லவி. அடுத்த வருடம் மே மாதம், நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் குழுவின் வேன் விபத்துக்குள்ளானது. அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளும், தாம்ப்சனின் தோழியும் இறந்துபோனார்கள். லாம்பிளுக்குப் பத்தொன்பது வயது. குழு கலைந்துவிடாமல், அதே 1969-இல் பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களை மின் கிட்டாரில் ஏற்றிய தங்கள் மிகச் சிறந்த ஆல்பத்தை எடுத்தது.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் கிராப்ரெடி கிராமத்தில் ஆகஸ்ட் மாதம் அவர்கள் நடத்தும் விழா, வயலில் நிற்கும் மொத்தக் கூட்டமும் இந்தப் பாட்டைப் பாடுவதோடுதான் முடியும். அந்தப் பதிவுகளில் சில ஸ்ருதி சேராது, சிலர் முந்திப் போவார்கள், சிலர் இழுப்பார்கள். அதுதான் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. இதைத் தனியாக, ஹெட்ஃபோனில், 1968-ஆம் வருடப் பதிவைக் கேட்டால் பாரமாகவே இருக்கிறது. கூட்டம் சேர்ந்தால்தான் பாட்டு எழுந்து நிற்கிறது. ஆகவே பழைய சகாக்கள் நாலைந்து பேர் கூடுகிற ராத்திரி என்றால் இது. குஷியாக மட்டும் இருந்தால் போதும் என்றால் '500 மைல்ஸ்'.

நண்பனோ தனியாக இருந்தான். தனியாகக் கேட்பவனுக்கு, ராத்திரியில், மனசு அடிபட்ட உடனேயே என்று சலித்துக்கொண்டே வந்ததில் ஒன்றுதான் மிஞ்சியது. 'தி வாட்டர்பாய்ஸ்' குழுவின் 'ஃபிஷர்மேன்ஸ் புளூஸ்'.

மைக் ஸ்காட் 1985 வரை பிரமாண்டமான ராக் செய்துகொண்டிருந்தவர். எக்காளம், பியானோ, அடுக்கு மேல் அடுக்கு. வயலின் கலைஞர் ஸ்டீவ் விக்கம் சேர்ந்ததும் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு அயர்லாந்துப் பக்கம் திரும்பினார். இந்தப் பாட்டை இரண்டு பேரும் சேர்ந்து எழுதி, 1986 ஜனவரியில் டப்ளினில் பதிவு செய்தார்கள். ஆல்பம் வெளிவந்தது 1988 அக்டோபரில். நடுவில் டேப் டேப்பாகப் பதிவு செய்து தள்ளினார்களாம். அந்த மலையிலிருந்து இது முதல் பாட்டாக வந்து உட்கார்ந்தது.

கவனித்துக் கேட்டால் இதில் விசேஷமாக எதுவுமே இல்லை. நான்கே நான்கு கார்டு, அதாவது கிட்டாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அதே நான்கு, அதே வரிசை, சுற்றிச் சுற்றி. பல்லவிக்கு என்று தனியாக ஒரு ஏற்றம் கிடையாது, திருப்பம் கிடையாது. கிட்டாரும் மாண்டலினும் சன்னமாகச் சுரண்ட, வயலின் நுழைகிறது. ஸ்காட் கொஞ்சம் களைத்த குரலில் ஆரம்பிக்கிறார். நான் ஒரு மீனவனாக இருந்திருக்கக் கூடாதா. கரையையும் அதன் கசந்த நினைவுகளையும் விட்டுத் தூரத்தில், தலைக்கு மேல் கூரை இல்லாமல் நட்சத்திரம் மட்டுமாக. அவர் ஜெயித்துவிட்டதாகச் சொல்லவில்லை, எல்லாம் சரியாகும் என்றும் சொல்லவில்லை. இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்கிறார், அவ்வளவுதான். வேலை கிடைக்காத ராத்திரியில் யார் மனசிலும் ஓடுகிற நினைப்பு.

அப்புறம் ஒரு நிமிடம் போனதும் சரணத்தின் வாலில் அவர் ஒரு ஊளை விடுகிறார். 'ஊ ஹூ' என்று. பாட்டு என்று சொல்ல முடியாது, படகிலிருந்து கரைக்குக் கேட்கப் போடுகிற சத்தம். வயலின் அதற்குப் பதில் சொல்கிறது. அடுத்த சரணத்தில் மீனவன் போய், காய்ச்சல் வேகத்தில் ஓடும் ரயிலில் வேலை செய்பவனாக வேண்டும் என்கிறார். மறுபடி ஊளை, இந்த முறை கொஞ்சம் நீளமாக. கடைசிச் சரணத்தில் 'இருந்திருக்கக் கூடாதா' என்ற பேச்சே இல்லை; கட்டுகள் கழன்று விழும் ஒரு நாள் வரும், அன்றைக்கு அந்த ரயிலில் ஏறிவிடுவேன் என்கிறார். கார்டு மாறவில்லை, மெட்டு மாறவில்லை, ஆனால் ஆசைப்பட்டவன் தீர்மானித்தவனாகிவிட்டான். எந்த இடத்தில் மாறினான் என்று தேடி இரண்டு தடவை திரும்ப ஓட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை. நாலரை நிமிடத்துக்குள் இது நடந்துவிடுகிறது.

நூறாவது முறைக்குத் தாங்குமா என்று கேட்டால், தாங்கும். வயலின் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு மூலையில் எட்டிப் பார்க்கிறது. இன்னும் நான் முழுதாகக் கேட்டு முடித்தபாடில்லை. குறை சொல்ல வேண்டுமென்றால், காலைப் பொழுதுக்கு இது ஒட்டவில்லை. அலாரமாக வைத்துப் பார்த்தேன். ஆபீசுக்குப் போகவே மனசு வரவில்லை, கடலுக்குப் போகலாம் என்று இருந்தது.

நண்பனுக்கு இதை அனுப்பினேன், மூன்று வாரம் தாமதமாக. அதற்குள் அவன் வேறு இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டிருந்தான். பழைய கதையை எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்பான் என்றுதான் நினைத்தேன். ராத்திரி ஒரு மணிக்குப் பதில் வந்தது. எழுத்து இல்லை, எட்டு நொடிக் குரல் பதிவு. திறந்தால், ஸ்ருதி துளிகூட இல்லாமல், அந்த ஊளை. பின்னால் யாரோ கதவைத் தட்டி "தூங்க விடுடா" என்று கத்துவதும் கேட்டது.